பிராசசருக்குக் கொடுக்கலாம், மதர்போர்டுக்கு யோசிக்க வேண்டும்: ரைசன் 9 9950எக்ஸ்3டியும் 700 டாலர் பலகையும்

சென்னையில் நாங்கள் நடத்தும் சிறிய வீடியோ எடிட்டிங் கூடத்தில் ஒரே பிராசசரைக் கொண்ட இரண்டு கணினிகள் அருகருகே இயங்குகின்றன. இரண்டிலும் ஏஎம்டியின் ரைசன் 9 9950எக்ஸ்3டி பிராசசர், ஒரே அளவு ரேம், ஒரே வகை கிராபிக்ஸ் கார்டு. வேறுபாடு மதர்போர்டில் மட்டும்தான். ஒன்றில் எக்ஸ்870இ சிப்செட்டுடன் (பிராசசரை மற்ற உறுப்புகளோடு இணைக்கும் துணைச் சில்லு) 700 டாலர் வகுப்பைச் சேர்ந்த உயர்விலைப் பலகை இருக்கிறது. மற்றொன்றில் 250 டாலர் அளவிலான பி850 பலகை இருக்கிறது. உயர்ரகக் கணினி உறுப்புகளின் விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறிவருவதைப் பற்றிப் பேசும்போது பிராசசரையும் மதர்போர்டையும் ஒரே மூச்சில் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. பல மாதங்கள் இரண்டையும் வைத்து வேலை செய்தபின், அந்த இரண்டு விலையேற்றங்களும் ஒரே தன்மையுடையவை அல்ல என்பதே என் முடிவு. பிராசசரின் விலைக்கு நியாயம் இருக்கிறது. மதர்போர்டின் விலையில் ஒரு பகுதிக்கு மட்டுமே இருக்கிறது.

முதலில் பிராசசரை எடுத்துக்கொள்வோம். 2016இல் இன்டெல் வெளியிட்ட கோர் ஐ7 6950எக்ஸ் என்ற, 10 கோர்கள் (தனித்தனியே வேலை செய்யும் கணிப்புப் பகுதிகள்) கொண்ட பிராசசரின் அறிவிப்பு விலை 1,723 டாலர். அடுத்த ஆண்டு மார்ச்சில் ஏஎம்டி தன் முதல் ரைசன் வரிசையைக் கொண்டுவந்தபோது, அதன் உச்சியில் இருந்த 8 கோர் 1800எக்ஸ் 499 டாலருக்கு வந்தது. 2019இல் 16 கோர்களுடன் வந்த 3950எக்ஸ் 749 டாலர், 2020இன் 5950எக்ஸ் 799 டாலர், 2022இன் 7950எக்ஸ் 699 டாலர், 2024இன் 9950எக்ஸ் 649 டாலர். எங்கள் கையில் உள்ள 9950எக்ஸ்3டி 2025 மார்ச்சில் 699 டாலருக்கு வெளியானது. அமெரிக்காவில் 2017 முதல் 2025 வரையிலான எட்டு ஆண்டுகளில் பொதுவான விலைவாசியே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயர்ந்திருப்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், அன்றைய 499 டாலரும் 2025இன் 650 டாலரும் ஒன்றுதான். கோர்களோ இரண்டு மடங்காகிவிட்டன. ஒவ்வொரு கோரும் அன்றைய கோரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சுறுசுறுப்பானது.

ஆனால் நாம் டாலரில் சம்பாதிப்பதில்லை. 2017 மார்ச்சில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 65 ரூபாய். 2025 மார்ச்சில் 87 ரூபாய். வரி சேர்க்காமல் பார்த்தால் அன்றைய 1800எக்ஸ் 32,400 ரூபாய். 2025 மார்ச்சின் 9950எக்ஸ்3டி 60,800 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்தால் 71,700 ரூபாய் வருகிறது. அமெரிக்க விமர்சகர் ஒருவர் விலை பெரிதாக ஏறவில்லை என்று எழுதும்போது அவர் சொல்வது அவருக்கு உண்மை. சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெருவில் நின்று பில் போடும் நமக்கு அந்தக் கணக்கு பொருந்துவதில்லை. உறுப்புகளின் விலை கூடியதில் ரூபாயின் சரிவுக்கு எவ்வளவு பங்கு, தயாரிப்பாளருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்காவிட்டால் பழி தவறான இடத்தில் போய் விழுகிறது. தொழிலுக்காக வாங்குபவர்கள், ஜிஎஸ்டி பதிவு இருந்தால், முறையான பில்லை வலியுறுத்திப் பெற்று அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள வேண்டும். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருவதாகச் சொல்லும் சலுகை அவர்களுக்கு நட்டமே.

9950எக்ஸ்3டியின் செயல்பாட்டைப் பற்றி மனநிறைவோடு சொல்ல முடிகிறது. 16 கோர்கள், 32 திரெட்கள், 5.7 கிகாஹெர்ட்ஸ் வரை உயரும் வேகம், மொத்தம் 144 மெகாபைட் கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்). அதன் எட்டு கோர்கள் கொண்ட ஒரு சில்லின் அடியில் கூடுதல் கேஷ் அடுக்கு ஒட்டப்பட்டிருக்கிறது. முந்தைய தலைமுறையில் அந்த அடுக்கு கோர்களின் மேலே இருந்ததால் சூடு வெளியேறுவதற்கு அது தடையாக இருந்தது. வேகத்தையும் சற்றுக் குறைத்தே வைக்க வேண்டியிருந்தது. இப்போது அடுக்கு கீழே போய்விட்டதால் கோர்கள் நேரடியாகக் குளிர்விப்பானைச் சந்திக்கின்றன. நீண்ட ரெண்டரின்போதும் வேகம் தளர்வதில்லை. டாவின்சி ரிசால்வில் நிறத்திருத்தம் செய்த ஒரு மணி நேரப் படத்தை ஏற்றுமதிக்குப் போட்டுவிட்டு, அதே கணினியில் அடுத்த வேலையின் ஒலியைச் சீர்செய்ய முடிகிறது.

ஒரு செய்தியை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கூடுதல் கேஷ் விளையாட்டுகளுக்கும் சில கணிப்பு, உருவகப்படுத்தல் வேலைகளுக்கும் மிகவும் உதவுகிறது; வீடியோ எடிட்டிங்குக்கு அதனால் பயன் குறைவு. எடிட்டிங் மட்டுமே செய்பவர் சாதாரண 9950எக்ஸை வாங்கி மிச்சத் தொகையை சேமிப்பகத்தில் போடுவது நல்லது. எங்கள் கூடத்தில் அனிமேஷன் உருவகப்படுத்தலும் நடப்பதால் எக்ஸ்3டி பொருந்துகிறது. அத்துடன், திருமண வீடியோ எடுப்பவர்களின் கேமராக்கள் பெரும்பாலும் 10 பிட் 4:2:2 வடிவில் (நிற விவரத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் முறை) எச்இவிசி என்ற சுருக்க முறைக் கோப்புகளைத் தருகின்றன. இந்த வரிசை ரைசன்களுக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதி அந்த வடிவத்தை வன்பொருள் வழியாக விரித்துத் தருவதில்லை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டு அதைச் செய்கிறது. ஆகவே இந்தப் பிராசசரை எடிட்டிங்குக்கு எடுப்பவர் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

இனி மதர்போர்டு. இதன் விலை வரலாறுதான் உண்மையில் திகைக்க வைக்கிறது. அசூஸின் ஆர்ஓஜி கிராஸ்ஹேர் ஹீரோ வரிசையை அளவுகோலாக வைத்துப் பார்க்கலாம். ஒரே பெயரில், ஒரே இடத்தை நிரப்பும் பொருளாக அது தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. 2017இல் எக்ஸ்370 சிப்செட்டுடன் வந்த ஹீரோவின் விலை 255 டாலர் அளவில் இருந்தது. 2019இல் எக்ஸ்570 சிப்செட்டுடன், வைஃபை சேர்த்து, ஏறக்குறைய 380 டாலர். 2022இல் எக்ஸ்670இ ஹீரோ 699 டாலர். 2024இல் வந்த எக்ஸ்870இ ஹீரோவும் 699 டாலரே. 2017இல் இந்தப் பலகை அன்றைய உச்சப் பிராசசரின் விலையில் பாதிதான். இன்று அது பிராசசருக்குச் சமமாக நிற்கிறது. அசூஸை மட்டும் குறிப்பிட்டுச் சொல்வது நியாயமாகாது. எம்எஸ்ஐயின் காட்லைக் வரிசை ஆயிரம் டாலரைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இந்த ஏற்றத்துக்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் விடுவது முறையன்று. கிராபிக்ஸ் கார்டையும் எஸ்எஸ்டி சேமிப்பகத்தையும் பிராசசரோடு இணைக்கும் பாதைதான் பிசிஐஇ. 2019இல் அதன் 4.0 பதிப்பு வந்தபோது ஒரு லேனில் (அந்தப் பாதையின் ஒரு தடத்தில்) ஓடும் சைகையின் வேகம் வினாடிக்கு 16 கிகாபரிமாற்றம் ஆனது, 5.0இல் அது 32. அவ்வளவு வேகத்தில் ஓடும் சைகை வழக்கமான பலகைப் பொருளில் சில அங்குலம் போவதற்குள்ளாகவே நலிந்துவிடுகிறது. அதைக் காக்கக் குறைந்த இழப்புள்ள விலையுயர்ந்த பலகைப் பொருளும், கூடுதல் அடுக்குகளும், தூரத்து ஸ்லாட்டுகளுக்குச் சைகையை மீட்டெடுத்து அனுப்பும் சில்லுகளும் தேவைப்படுகின்றன. டிடிஆர்5 ரேமுக்கான தடங்களும் இதேபோல் கண்டிப்பானவை. இன்னொன்று: ஏஎம்டியின் பழைய சாக்கெட்டான (பிராசசர் அமரும் இடம்) ஏஎம்4 காலத்தில் ஊசிகள் பிராசசரின் அடியில் இருந்தன. இப்போதைய ஏஎம்5இல் 1,718 ஊசிகளும் மதர்போர்டின் சாக்கெட்டுக்கு மாறிவிட்டன. அந்தச் செலவும் பிராசசர் கணக்கிலிருந்து பலகையின் கணக்குக்கு மாறியது. ஊசி வளைந்தால் ஏற்படும் இழப்பும் அப்படியே. முடிபோன்ற அந்த ஊசிகளின் மேல் பிராசசரை வைக்கும்போது முக்கோணக் குறி பொருந்துகிறதா என்று பார்த்து, அழுத்தாமல் மெதுவாக அமர்த்தி, பிறகே நெம்புகோலை இறக்க வேண்டும். வளைந்த ஊசியை உத்தரவாதத்தில் ஏற்றுக்கொள்ளும் நிறுவனம் அரிது.

இவை எல்லாம் விலை உயர்ந்ததற்கான காரணங்கள். ஆனால் பி850 பலகையும் இதே சாக்கெட்டையும், இதே டிடிஆர்5ஐயும், எஸ்எஸ்டிக்கான பிசிஐஇ 5.0 ஸ்லாட்டையும் சுமந்துகொண்டு 250 டாலருக்கு வருகிறது. அப்படியானால் மேலே உள்ள 450 டாலர் எதற்கு என்ற கேள்வியை இந்தக் காரணங்கள் தீர்ப்பதில்லை.

விளம்பரங்களில் முதலில் வரும் பதில் மின்சார வழங்கல். ஹீரோ வகுப்புப் பலகையில், மின்சாரத்தைச் சீராக்கித் தரும் 18 மின்கட்டங்கள் பிராசசருக்கு மட்டும் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் 110 ஆம்பியர் தாங்கும் என்கிறார்கள். பெருக்கினால் 1,980 ஆம்பியர். 9950எக்ஸ்3டியின் வெப்ப வடிவமைப்பு அளவு 170 வாட். உச்சச் சுமையில் அது இழுக்கும் மின்னோட்டம் 200 ஆம்பியரின் அருகில்தான் இருக்கும். 14 கட்டங்கள், ஒவ்வொன்றும் 80 ஆம்பியர் என்ற கணக்கில் வரும் இடைவிலைப் பலகையே 1,120 ஆம்பியர் தாங்கக்கூடியது. திரவ நைட்ரஜன் ஊற்றிச் சாதனை படைக்கும் வேகப்போட்டியாளருக்கு அந்த மிகுதி பயன்படலாம். மே மாத வெயிலில் நாள் முழுவதும் ரெண்டர் ஓடிய பிறகும் எங்கள் பி850 பலகையின் மின்பகுதி அபாயமான சூட்டை எட்டவில்லை. ஒரே கோப்பை இரண்டு கணினிகளிலும் ஏற்றுமதி செய்தால் முடியும் நேரத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரிவதில்லை.

இரண்டாவது பதில் எக்ஸ்870இ சிப்செட். இதைப் பற்றி வாங்குபவர்களிடம் யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பி850, எக்ஸ்870, எக்ஸ்870இ ஆகிய மூன்றும் ஏஎஸ்மீடியா வடிவமைத்த புரோமோன்டரி 21 என்ற ஒரே சில்லின் மேல் கட்டப்பட்டவை. இ என்ற எழுத்து வரும்போது அந்தச் சில்லு இரண்டாகிறது. ஒன்றின் வாலில் மற்றொன்று கட்டப்படுகிறது. 2022இன் எக்ஸ்670இயிலும் இதே சில்லுதான், இதே இணைப்புதான். எக்ஸ்870 குடும்பத்துக்குப் புதிதாகக் கட்டாயமாக்கப்பட்டது யுஎஸ்பி4. அதற்கும் தனிச் சில்லு ஒன்று பலகையில் ஏறுகிறது.

இரண்டு சில்லுகள் இருந்தாலும் பிராசசருக்கும் அவற்றுக்கும் இடையே இருக்கும் பாதை பிசிஐஇ 4.0இன் நான்கு லேன்கள் மட்டுமே. வினாடிக்குச் சுமார் 8 ஜிகாபைட். நல்ல 4.0 எஸ்எஸ்டி ஒன்றே 7 ஜிகாபைட் படிக்கும். சிப்செட்டின் பின்னால் எஸ்எஸ்டிகள், நெட்வொர்க், சாட்டா, யுஎஸ்பி என்று எத்தனை வாய்களைத் திறந்தாலும் அவை அனைத்தும் அந்த ஒரு பாதையைத்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். தெருவெல்லாம் குழாய் போட்டாலும் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் ஒன்றுதான் என்ற நிலை. ஒரே நேரத்தில் இரண்டு எஸ்எஸ்டிகளிலிருந்து பல கேமராக் கோப்புகளைப் படித்து மூன்றாவதில் எழுதும் எடிட்டருக்கு இது வெறும் கோட்பாட்டுக் குறை அன்று.

பிராசசரிடமிருந்து நேராக வரும் லேன்களின் நிலையும் இதற்கு மாறானதில்லை. ஏஎம்5 பிராசசரில் மொத்தம் 28 லேன்கள். சிப்செட்டுக்கு 4 போனால் மீதி 24. அதில் 16 கிராபிக்ஸ் கார்டுக்கும், 4 முதல் எஸ்எஸ்டிக்கும். கடைசி 4 லேன்களை யுஎஸ்பி4 எடுத்துக்கொள்கிறது. அப்படியிருக்க, பெட்டியின் மேல் மூன்று பிசிஐஇ 5.0 எஸ்எஸ்டி ஸ்லாட்டுகள் என்று அச்சிட்டிருந்தால், இரண்டாவதும் மூன்றாவதும் கிராபிக்ஸ் ஸ்லாட்டின் 16இலிருந்துதான் வெட்டி எடுக்கப்பட வேண்டும். எங்கள் உயர்விலைப் பலகையின் கையேட்டில் இது சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறது. இரண்டாவது எஸ்எஸ்டியை அந்த ஸ்லாட்டில் செருகித் திருகாணி தேவைப்படாத அந்த அழகான ஹீட்சிங்கை மூடிவிட்டு, விண்டோஸில் ஜிபியு-இசட் நிரலைத் திறந்தால், கிராபிக்ஸ் கார்டின் வரியில் 16க்குப் பதிலாக 8 என்று காட்டுகிறது. 5.0 கார்டாக இருந்தால் எட்டு லேன்களே போதுமான அகலம்தான், 4.0 தலைமுறைக் கார்டை வைத்திருப்பவருக்கு அகலம் பாதியாகிறது. இது கோளாறு இல்லை, வடிவமைப்பே அப்படித்தான். ஆனால் 700 டாலர் கொடுப்பவர், எல்லா ஸ்லாட்டும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இயங்கும் என்று எதிர்பார்ப்பதில் தவறென்ன இருக்கிறது?

ரேமிலும் விலையுயர்ந்த பலகை பெரிதாகக் கைகொடுப்பதில்லை. நான்கு ரேம்களைச் செருகினால் ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் வினாடிக்கு 3,600 மெகாபரிமாற்றம் மட்டுமே. இரண்டாக இருந்தால் 5,600. பலகையின் விலை இந்த எல்லையை நம்பத்தகுந்த அளவில் மாற்றவில்லை. ஒன்றை மட்டும் மனமாரப் பாராட்ட வேண்டும்: உயர்விலைப் பலகையின் ஓரத்தில் உள்ள இரண்டிலக்கக் குறிகாட்டி. டிடிஆர்5 ரேமை முதன்முறை பொருத்தும்போது கணினி ரேமைப் பழக்கிக்கொள்ளப் பல நிமிடங்கள் எடுக்கிறது. திரையில் எதுவும் தெரியாது. புதியவர்கள் பயந்துபோய் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி தொடங்குகிறார்கள். குறிகாட்டியில் எண்கள் மாறிக்கொண்டே இருப்பதைப் பார்த்தால் வேலை நடக்கிறது என்று தெரிந்து பொறுமையாக இருக்கலாம். இதற்காகும் செலவு மிகச் சிறியது. 150 டாலர் பலகையிலும் இது இருக்க வேண்டும்.

லேன்களின் இந்தப் பற்றாக்குறைதான் விலையேற்றத்தின் மையம் என்று நான் கருதுகிறேன். 2014இல் இன்டெல்லின் 5820கே என்ற 6 கோர் பிராசசர் 389 டாலருக்கு 28 லேன்களையும் நான்கு வழி ரேமையும் தந்தது. 2017இல் ஏஎம்டியின் உயர்ரகத் திரெட்ரிப்பர் வரிசையின் 8 கோர் 1900எக்ஸ் 549 டாலருக்கு 64 லேன்களைத் தந்தது. கோர்கள் எட்டு போதும், இணைப்புகள் நிறைய வேண்டும் என்று கேட்பவருக்கு அன்று கடையில் பதில் இருந்தது. இன்று அந்தப் படிநிலையே எடுக்கப்பட்டுவிட்டது. 2025 ஜூலையில் வந்த திரெட்ரிப்பர் 9960எக்ஸ் 1,499 டாலரில் தொடங்குகிறது. அதற்கான டிஆர்எக்ஸ்50 பலகைகள் சாதாரண ரேமை ஏற்பதில்லை, சர்வர்களில் பயன்படும் ரெஜிஸ்டர்டு ரேமையே கேட்கின்றன. 24 கோர்கள் கொண்ட அந்தப் பிராசசர் தன் விலைக்கு ஏற்ற வேலையைச் செய்யும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நான்கு எஸ்எஸ்டிகளும் ஒரு 10 ஜிகாபிட் கார்டும் மட்டுமே கேட்கும் சிறு கூடத்துக்கு அது தேவைக்கு மிஞ்சியது. நடுவில் உருவான அந்த வெற்றிடத்தில்தான் 700 டாலர் பலகைகள் வந்து நிற்கின்றன. பழைய உயர்ரக மேசைக் கணினியின் தோற்றத்தைத் தருகின்றன, அதன் லேன்களைத் தருவதில்லை.

இன்டெல் பக்கம் ஒரு நல்ல சேதி உண்டு. இசட்890 பலகைகளில் பிராசசருக்கும் சிப்செட்டுக்கும் இடையே 4.0இன் எட்டு லேன்கள் இருக்கின்றன. ஏஎம்டியைப் போல இரு மடங்கு. அதன் உள்கிராபிக்ஸ் 4:2:2 கோப்புகளையும் தானே கையாள்கிறது. 2024 அக்டோபரில் 394 டாலருக்கு வந்த கோர் அல்ட்ரா 7 265கே ஓராண்டுக்குள் 300 டாலர் அளவுக்கு இறங்கியது. எடிட்டிங் மட்டுமே தொழில் என்றால் இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. குறை என்னவென்றால் இன்டெல் சாக்கெட்டுகளின் ஆயுள் குறைவு. ஏஎம்5ஐ 2027க்கும் அப்பால் ஆதரிப்பதாக ஏஎம்டி அறிவித்திருப்பதால், இன்று வாங்கும் எளிய பி850 பலகையிலேயே பின்னால் வரும் பிராசசரைப் பொருத்தும் வாய்ப்பு இருக்கிறது.

கடைத்தெருவில் ஒரு எச்சரிக்கை. பிராசசருக்குத் தட்டுப்பாடு வரும்போது, உயர்விலைப் பலகையோடு சேர்த்தால்தான் தருவோம் என்று சில விற்பனையாளர்கள் நிபந்தனை போடுகிறார்கள். எங்களுக்கும் அப்படி ஓர் இடத்தில் சொல்லப்பட்டது. ஒரு வாரம் பொறுத்து வேறு கடையில் தனியாக வாங்கினோம். 2025இன் இறுதியிலிருந்து ரேமின் விலை கட்டுக்கடங்காமல் போயிருப்பதால் இந்தப் பொறுமை இன்னும் முக்கியமாகிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களை நோக்கி நினைவகச் சில்லுகள் திருப்பிவிடப்படுகின்றன. அந்த டிசம்பரில் மைக்ரான் தன் குரூசியல் நுகர்வோர் வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்தது. பலகையில் மிச்சப்படுத்தும் 450 டாலர், அதாவது 2025 மார்ச்சின் டாலர் மதிப்பில் வரியோடு சுமார் 46,000 ரூபாய், இன்று ரேமுக்கே தேவைப்படுகிறது.

ஆகவே எங்கள் அடுத்த கணினிக்கான பட்டியலில் 9950எக்ஸ் இருக்கிறது. அதனுடன் கிராபிக்ஸ் ஸ்லாட்டில் 5.0இன் 16 லேன்கள் தரும், மின்பகுதியில் கனமான ஹீட்சிங்க் உள்ள பி850 பலகை ஒன்று. பி850இல் அந்த 5.0 கிராபிக்ஸ் ஸ்லாட் கட்டாயமில்லை என்பதால், வாங்குமுன் குறிப்பிட்ட மாடலின் கையேட்டைப் பதிவிறக்கி, எந்த ஸ்லாட் எதனுடன் லேனைப் பகிர்கிறது என்ற பக்கத்தைப் படித்துவிடுவது நல்லது. இரண்டு யுஎஸ்பி4 வாய்களும், 5 ஜிகாபிட் நெட்வொர்க்கும், ஐந்து எஸ்எஸ்டி ஸ்லாட்டுகளும் ஒரே பலகையில் வேண்டும் என்பவருக்கும், பிராசசரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக்கிங்கை விருப்பமாகக் கொண்டவருக்கும் மட்டுமே எக்ஸ்870இ பலகையைப் பரிந்துரைப்பேன்.